நிற்கிற லாரியும் ஓடுகிற அரிசியும்

தம்பி,

இதை உன் கையில் கொடுத்தால் என் எதிரிலேயே நின்று படிப்பாய். பாதியில் நிறுத்தி ஏதாவது கேட்பாய், நான் பதிலுக்குக் கத்துவேன். நாளைக் காலையில் பஸ் ஏறுகிற பிள்ளையை முறைத்துக்கொண்டு அனுப்பின மாதிரி ஆகிவிடும். அதனால்தான் உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். வேலை கிடைத்த ஊர், கோலா கிளாவாங் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி. நம் கடையில் இன்றைக்கு மத்தியானம் ஆள் குறைவு. ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் யாரோ சீனி கேட்டு வந்தார்கள் என்று வைத்துக்கொள்.

போலீஸ் ஸ்டேஷனில் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று நீ வந்து சொன்ன அன்று, உன் அம்மா சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். நான் நேரே கடைக்கு வந்துவிட்டேன். அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டாய். "அப்பாவுக்கு நான் கடையில உட்காரலன்னு வருத்தம்" என்று உன் தங்கையிடம் சொன்னாயாம். கடைக்கு ஆள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? எனக்கு வந்தது கோபமில்லை, பயம். ஒரு பக்கம் துப்பாக்கி வைத்திருக்கிற துரை. இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தோட்டத்து ஆள். நடுவில் நீ. அந்த இடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆள் நான்தான்.

அந்தக் கதை எனக்குத் தெரியுமே என்பாய். தெரியும்தான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது, கடைமுதலாளி என்கிற மரியாதையில், "தவ்கே, அந்த லாரிக் கதையைச் சொல்லுங்க" என்பார்கள். நானும் கையை ஆட்டி, துரை மாதிரிக் குரலை மாற்றிச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாய். ஆனால் சிரிப்பு வருகிற இடத்தோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது. அதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது உனக்கு அது வேண்டியிருக்கிறது.

என் இங்கிலீஷ் எங்கே படித்ததென்று உனக்குத் தெரியும். சைக்கிளின் பின்னால் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போன காலத்தில் பொறுக்கிச் சேர்த்தது. நாய் வளர்க்கிற துரைசாணியிடம் இரண்டு சொல், லாரி டிரைவரிடம் இரண்டு சொல். பிறகு பாரோய் தாண்டி உள்ளே இருக்கிற ரப்பர்த் தோட்டத்தில், ஆட்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் பக்கத்தில் கடை வைத்தேன். கடை திறந்த புதிதில் தோட்டத்துத் துரை வந்து நின்று, "யூ ரன் திஸ் ஷாப்?" என்று கேட்டார். எனக்கு ரன் என்றால் ஓடுவது. நான் கல்லாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர் ஓடுகிறாயா என்கிறாரே என்று விழித்தேன். கூட வந்த கிராணிதான், "கடை உம்முடையதோ, நீர்தான் நடத்துறீரோ எண்டு கேட்கிறார்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை. வெள்ளைச் சட்டை கசங்காமல் நடப்பவர். எங்களையெல்லாம் ஒரு படி கீழே வைத்துத்தான் பார்ப்பார். எனக்கும் அவரைப் பிடிக்காது.

ஆனால் அவர் சொன்ன அர்த்தம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஏன் என்றால், நம் வியாபாரப் பேச்சிலும் அதே சொல்தானே? கடை எப்படி ஓடுது? என்ன சரக்கு ஓடுது? இந்தச் சோப்பு ஓடல, அந்தச் சோப்பு ஓடுது. வெள்ளைக்காரனும் நம்மைப்போலத்தான் யோசிக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து பார்க்கிற இடத்திலெல்லாம் ரன்தான். பஸ் ரன்னிங், கடிகாரம் ரன்னிங், குழாயில் தண்ணீர் ரன்னிங். உனக்குச் சளி பிடித்தபோது மூக்கு ரன்னிங் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டி மருந்து கொடுத்தார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி இங்கிலீஷ் கைக்கு வந்த மாதிரி என்று நினைத்தேன். அந்தச் சொல்லுக்கு உள்ளே இன்னும் எத்தனை அறை இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுக்காரர்களோடு சர்க்காருக்குச் சண்டை என்று எமர்ஜன்சி வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான். கம்பிக்கு வெளியே ஒரு பிடி போகக்கூடாது. பால் டின்னைக்கூட விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், காட்டில் இருப்பவர்களுக்குச் சேர்த்து வைக்க முடியாதபடி. காட்டுக்கு அரிசி கொடுத்தவன் என்று சந்தேகம் வந்தால் கோர்ட்டு, விசாரணை ஒன்றும் வேண்டாம். உள்ளே போடலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ அப்போது சிரம்பானில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். தங்கை அம்மா மடியில். நான் போனால் கடையும் போகும், கடை போனால் உங்கள் மூன்று பேருக்கும் சோறு போகும். இதை எண்ணாமல் நான் ஒரு நாளும் அந்தக் கடைக் கதவைத் திறந்ததில்லை.

ஒரு வாரம், ஊரடங்கு வரப்போகிறது என்று லயத்தில் ஒரு புரளி கிளம்பியது. எல்லாரும் வாரம் முழுதுக்கும் உள்ள பங்கை முதலிலேயே வந்து வாங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் பங்குதான், கூட ஒரு மணி இல்லை. ஆனால் என் அரிசிப் பெட்டி வாரத்தின் நடுவிலேயே காலி. மறுநாள் காலை போலீஸ் லாரி வந்தது. புதிதாக வந்திருந்த போலீஸ் துரை, என் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். விரலால் வா என்றார், அவ்வளவுதான். என்னைத் தோட்டத்து ஆபீஸுக்கு நடத்திக்கொண்டு போன மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ் பையன் தினமும் என் கடையில் சிகரெட் வாங்குகிறவன். என் பக்கம் திரும்பாமலே, "ஜாங்கான் லாரி, தவ்கே" என்றான். மலாயில் லாரி என்றால் ஓடுவது. ஓடாதே என்கிறான். அதற்கு முந்தின மாதம் வேறொரு தோட்டத்தில் யாரோ அதட்டின சத்தத்துக்குப் பயந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவன் ஓடினான், அங்கேயே சுட்டுவிட்டார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பையன் பகைக்குச் சொல்லவில்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான்.

ஆபீஸில் அந்தப் போலீஸ் துரை மேசைக்குப் பின்னால். பக்கத்தில் கிராணி, மொழிபெயர்க்க. இப்போது நான் சொல்வதைக் கவனி. துரை முதல் கேள்வி கேட்டதும் கிராணி வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி, "கிராணி ஐயா, எனக்கும் இங்கிலீஷ் தெரியும். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன். உன்னிடமும் இப்படிச் சொல்கிறவர்கள் வருவார்கள். வீம்பு என்று விட்டுவிடாதே. பயந்தவனுக்கு வேறு பிடிமானம் இருக்காது, அதனால் இருக்கிற நாலு சொல்லை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொள்வான்.

"யூ ரன் தி ஷாப்?"

"எஸ் சார். ஐ ரன்."

"யுவர் ரைஸ் ரேன் அவுட். ஒய்?"

அரிசி தீர்ந்துபோனது, ஏன் என்று கேட்கிறார். நான் படித்த இங்கிலீஷில் அவுட் என்றால் வெளியே. அரிசி கம்பிக்கு வெளியே ஓடிப்போச்சே, ஏன் என்று என் காதில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நோ சார்! நோ ரன் அவுட்! இன்சைட் ஒன்லி ரன்னிங், சார்!" என்று கத்திவிட்டேன்.

துரை என்னையே பார்த்தார். காலிப் பெட்டியைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவரிடம், தீரவே இல்லை என்று சாதிக்கிறேன். பேனாவை எடுத்துக்கொண்டார். அப்படியானால் எங்கே போனது என்று கேட்டார். எனக்கும் தைரியம் வந்துவிட்டது, நம் வியாபாரத்தைப் பற்றிக் கேட்கிறார் அல்லவா? லயம் முழுக்க என் சரக்கு நன்றாக விற்கிறது என்று சொல்ல நினைத்தேன். "ஆல் லைன் ரன்னிங், சார். ரைஸ் வெரி குட் ரன்னிங். சுகர் ரன்னிங். மில்க் டின் ஆல்சோ ரன்னிங்."

"மில்க் டின் ஆல்சோ?"

"எஸ் சார். ஃபாஸ்ட் ரன்னிங்."

"ஹூ இஸ் ரன்னிங் இட்?"

யார் நடத்துவது என்று கேட்டால் நான் விட்டுக்கொடுப்பேனா? நெஞ்சில் கையை வைத்தேன். "ஐ, சார். ஐ ஒன்லி. நோ பார்ட்னர்."

கிராணியிடமிருந்து ஒரு முனகல் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் தமிழில் சொன்னார்: "ஐயோ, உம்மட கழுத்தில நீரே கயிறு மாட்டுறீர் காணும். ரன் எண்டால் கள்ளமாக் கடத்துறதும்தான். அரிசி கடத்துறது ஆர் எண்டு கேட்டவர். நீர் நான்தான், தனியத்தான் எண்டு சொல்லிப்போட்டீர்."

கல்யாண வீட்டில் இந்த இடத்தில் எல்லாரும் குலுங்கிச் சிரிப்பார்கள். அன்றைக்கு என் முதுகில் வேர்வை கோடாக இறங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே நொடியில் காலி. கிராணி எழுந்து ஏதோ விளக்கப் பார்த்தார். அவன் வாயாலேயே சொன்னான், நானே கேட்டேன், நீ உட்கார் என்று துரை அதட்டினார். கிராணி உட்கார்ந்தார். எனக்காக அதற்குமேல் பேசினால் அவர் பெயரும் அந்தத் தாளில் ஏறும். எனக்கு வாய் இல்லை, அவருக்கு இருந்த வாயையும் அடைத்தாகிவிட்டது. உன் அம்மா முகம், உன் முகம், கப்பல், எல்லாம் வந்து போனது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

முற்றத்தில் போலீஸ் லாரி நின்றுகொண்டிருந்தது. பேட்டரி சரியில்லை போலிருக்கிறது, வந்ததிலிருந்து டிரைவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. அது பாட்டுக்குக் கடகட என்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, விரலை நீட்டிக் கத்தினேன். "சார்! யுவர் லாரி ரன்னிங், சார்! ரன்னிங், பட் ஸ்டாண்டிங்! நோ கோ எனிவேர்! மை ரைஸ் சேம், சார்! ரன்னிங், பட் நோ கோ எனிவேர்!"

துரை திரும்பி லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி லாரியைப் பார்த்தார். அப்புறம் கிராணி பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிராணி பதில் சொன்னார்: தமிழில் சரக்கு விற்றால் ஓடுகிறது என்றுதான் சொல்வோம் சார். துரை சிரிக்கவில்லை. கல்யாண வீட்டில் சிரித்தார் என்று சொல்வேன், அது நான் சேர்த்த மசாலா. லயத்துக்கு ஆள் அனுப்பினார், வீடு வீடாக அரிசி டின்னைத் திறந்து பார்க்கச் சொல்லி. அவர்கள் திரும்பி வருகிறவரைக்கும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். யாராவது ஒரு வீட்டில் ஒரு படி குறைந்திருந்தால் போதும், விருந்தாளி வந்திருப்பான், கஞ்சி வைத்திருப்பாள், ஏதோ ஒன்று. அந்தக் குறைக்கு நான்தான் பதில். ஒரு மடக்குத் தண்ணீர் கேட்கவும் பயம். வந்தார்கள். எல்லார் வீட்டிலும் அரிசி இருந்தது. கணக்குக்குச் சரி.

என் கதை இங்கேதான் முடியும், வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லாரும் எழுந்துவிடுவார்கள். இனிமேல் வருவது உனக்கு மட்டும்.

துரை தாளை மடித்தார். கையை வாசல் பக்கம் வீசி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆல் ரைட். ரன் அலாங்."

நான் வாசலைப் பார்த்தேன். முற்றம் முழுக்கச் செம்மண், ஒரு மரம் கிடையாது. முற்றத்தின் அந்தக் கோடியில் கம்பிக் கதவு, அதற்கு அப்பால் ரப்பர்க் காடு. இடது பக்க மேட்டில் மணல் மூட்டை. மூட்டைக்குப் பின்னால் ஒருவன் துப்பாக்கியோடு இருந்தான். நான் உள்ளே வந்தபோது கைதியாக வந்தவன் என்பதுதான் அவனுக்குத் தெரியும். உள்ளே என்ன பேசினோம் என்று அவனுக்கு என்ன தெரியும்? ஓடாதே என்றவன் கையிலும் துப்பாக்கி, ஓடு என்கிறவன் இடுப்பிலும் துப்பாக்கி. அப்படியென்றால் இதுதான் வழியா? ஓடச் சொல்லிவிட்டு, ஓடினான் சுட்டோம் என்று எழுதிக்கொள்வார்களா? எனக்குக் கால் அசையவில்லை. துரை தலையைத் தூக்கினார். "ரன் அலாங், மேன்!" இந்தத் தடவை குரல் உயர்ந்துவிட்டது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

கிராணி எழுந்து என் பக்கத்தில் வந்தார். "போகச் சொல்லுறார். வேறொண்டும் இல்லை. சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரி, வீட்ட போ எண்டு."

"ஓடச் சொல்றாரு, ஐயா."

"இல்லை. ஓடச் சொல்லேல்லை. நான் சொல்லுறன், நம்பும்."

"நீங்க சொல்றது சரிதான். எனக்கு இப்ப புரியுது. மேட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறானே, அவனுக்கு யாரு சொல்வா?"

அவர் திரும்பி மேட்டைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், உன் வயதுக்கு ஒருவன். அவர் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. துரை சொன்னதைத் தமிழில் சொல்லியாகிவிட்டது, எழுத்துக்கு எழுத்துச் சரியாக. திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாரும் அவரை ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. அவர் துரையிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். துரை தோளைக் குலுக்கினார். பிறகு என் கையை முழங்கைக்கு மேலே பிடித்து, "வாங்கோ, போவம்" என்றார். அதுவரைக்கும் என்னை நீர், காணும் என்று பேசிய மனிதர்.

வெளியே இறங்கினோம். நான் இடது பக்கமாக இருந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் அவர் எனக்குப் பின்னால் சுற்றி வந்து இடது பக்கம் மாறிக்கொண்டார். மேடு இருந்த பக்கம். என்னைவிட உயரமான ஆள், அகலமும் கொஞ்சம் உண்டு. நான் வேகமாக நடக்கப் பார்க்கும்போதெல்லாம் கையை இறுக்கி இழுத்தார். "மெள்ள. மெள்ள நடவுங்கோ. கடையில மிளகாய் இருக்கோ? எந்த ஊர் மிளகாய்?" என்று ஊர்க் கதை பேசுகிற மாதிரி உரக்கக் கேட்டார். நானும் பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியாது. மேட்டுப் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே என்னை விட்டுவிட்டு, சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு திரும்பி நடந்தார். நாங்கள் அதற்குப் பிறகும் சிநேகிதர்கள் ஆகிவிடவில்லை. அவர் என் கடைக்கு வந்தால் தராசைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

தம்பி, இங்கிலீஷ் உனக்கு நான் சொல்லித்தர முடியாது. ரன் என்கிற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அகராதி பார்த்து நீ எனக்குச் சொல்வாய். நம் ஆட்கள் ஓடுது, பிடிக்குது, போட்டுட்டான், எடுத்துட்டான் என்று சொல்லும்போது அவசரப்பட்டு முதலில் வருகிற இங்கிலீஷைத் தூக்கிக் கொடுத்துவிடாதே. எதைச் சொல்கிறீர்கள் என்று இன்னொரு தடவை கேள். துரை பொறுமையில்லாமல் மேசையைத் தட்டினால் தட்டட்டும். இதெல்லாம் உனக்கே தெரியும், நான் சொல்லவேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் உன் மேசைக்கு முன்னால் ஒருவன் விடுதலையாகி நிற்பான். போகலாம் என்று நீ சொல்வாய். நல்ல தமிழில், சரியாகச் சொல்வாய். அவன் நகர மாட்டான். அப்போது, சொல்லிவிட்டேனே, கேட்காவிட்டால் நான் என்ன செய்ய என்று உட்கார்ந்துவிடாதே. எழுந்திரு. அவன் கையைப் பிடித்துக் கதவு வரைக்கும் கூட நட. மெதுவாக நட, ஏதாவது பேசிக்கொண்டே நட. எந்தப் பக்கம் துப்பாக்கி இருக்கிறதோ, அந்தப் பக்கம் நீ இரு.

இந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு முன்னால் எழுந்து போய் இரண்டு பேருக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தகப்பன் சொல்லுகிற புத்தியா இது? உன் அம்மா பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உன் பெட்டியையும் பூட்டிவிடுவாள். ஒதுங்கி நில், உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அப்படிப் போகவில்லை. வேறு ஒரு வீட்டுப் பிள்ளை அன்றைக்கு அந்தப் பக்கமாக நடந்தான். யாழ்ப்பாணத்தில் அவனைப் பெற்றவர்களும் ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று சொல்லித்தான் கப்பலேற்றியிருப்பார்கள்.

உன் அப்பா